ஒரு கை குறைகிறது

மாடியில் இரண்டாவது நாற்காலியை யாரோ இழுத்தார்கள். குடியிருப்பவளோ ஒரே ஒருத்தி. அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினால் சத்தமே கேட்காது. இது இரும்பு நாற்காலி, சிமெண்டுத் தரையில் பல் கூசும்படி கீறும். கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தபடியே இந்த வித்தியாசத்தையெல்லாம் நான் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு என்ன வேலை?

திருப்பதி டாக்டரம்மா நாலாம் மாதமே கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டார். பாத்ரூமுக்கு எழுந்திருக்கலாம், சாப்பிட உட்காரலாம், மற்ற நேரமெல்லாம் படுக்கை. மாடிப்படிப் பக்கமே போகக் கூடாது என்று தெலுங்கில் இரண்டு தடவை சொன்னார். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது ஆறாம் மாதத்தில். இது மூன்றாவது, இப்போது ஏழு நடக்கிறது. இதுவும் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பை நான் சித்தூர் வரும்வரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்பார் என் வீட்டுக்காரர் வேதாச்சலம். பால்காரன் அளவில் சந்தேகம், மாத்திரைத் தேதியில் சந்தேகம், அடுத்த வீட்டு சந்திரம்மா கொடுத்தனுப்பும் குழம்பிலும் சந்தேகம். சரி, இருக்கட்டும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் யாரை நம்ப வேண்டும் என்கிறீர்கள்? அந்த இரண்டு முறையும் எல்லாரையும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் எதையும் வெட்டக் கூடாது, குத்தக் கூடாது, துளைக்கக் கூடாது. தேங்காய்கூட அடுத்த வீட்டு ஆள்தான் உடைக்க வேண்டும். இவர் மாங்கூழ் கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவர். மிஷின் தெரிந்தவருக்கு முறை தெரியுமா? முதல் தடவை, டிவி மாட்ட வேண்டும் என்று சுவரில் நாலு துளை போட்டார். மறு வாரம் எனக்கு வலி கண்டது. இரண்டாம் தடவை, கம்பெனித் தகரக் கொட்டகையில் புகுந்த பாம்பை மண்வெட்டியால் இரண்டு துண்டாக்கிவிட்டு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஸ்க்ரூ டிரைவருக்கும் கொயந்தைக்கும் இன்னா சம்மந்தம் தேவா?" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. இரண்டாவதும் போன அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில், அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் நிற்கும்போது நான் சொன்னேன். "மாமா, ரெண்டு கொயந்தையையும் உன் கைதான் துன்னுச்சு." அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னது பொய் என்றும் நான் நினைக்கவில்லை.

இந்தத் தடவை கற்பூரத்தை அணைத்து சத்தியம் வாங்கியிருந்தேன்.

கலைவாணி ஆகஸ்டில் எங்கள் மாடிக்குக் குடி வந்தாள். நகரி ஊர்க்காரி, இருபத்தெட்டு வயசு, கண்ணாடி போட்டவள், கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் ஆறு வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பொடிப்பொடியாகப் பொருத்தும் வேலை பார்த்தாளாம். கம்பெனியை மூடிவிட்டார்கள். சொந்த ஊரை விட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "எங்க வூட்டுல நாலு பவர்லூம் ஓடிக்கினு இருக்குக்கா. பஞ்சு பறக்கும், தரை அதிரும். நான் பண்ற வேலைக்கு ரெண்டும் ஆகாது" என்றாள். என்ன வேலை என்றதற்கு, "பொம்மை வேலைக்கா, திருப்பதில ஒரு கம்பெனிக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டாள். தறிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஊரை விட்டு வருவாளா? என் சந்தேகம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அவளைத் தேடி ஆண் யாரும் வருவதில்லையே என்று சந்திரம்மாவிடம் சொன்னேன். சந்திரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "வராத வூட்டைத்தான் தேவா நல்லா கவனிக்கணும்" என்றாள்.

நான் கவனித்தேன். மாம்பழ சீசன் ஜூலையோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மிஷின் கழுவுவது, ரிப்பேர் பார்ப்பது என்று வழக்கமாக இவரை வைத்துக்கொள்வார்கள். இந்த வருஷமும் செப்டம்பரில் இருந்து தினம் பத்து மணிக்கு "கம்பெனிக்குப் போறேன்" என்று கிளம்பினார். ஆனால் திரும்பி வந்தால் அவர்மேல் கிரீஸ் வாசனையும் இல்லை, கூழின் புளித்த வாசனையும் இல்லை. நகச்சாயம் மாதிரி ஒரு நெடி, மூக்கைத் துளைக்கிற நெடி. கட்டைவிரல் நுனி மட்டும் வழவழவென்று காய்ந்து தோல் உரிந்திருந்தது. கேட்டால், "பாய்லர் மூடிக்கு கேஸ்கெட்டு ஒட்டினேன்" என்றார். மாடியிலோ அவர் கிளம்பிப் போன பத்தாவது நிமிஷம் இரும்பு நாற்காலி இழுபடும். அப்புறம் சுரண்டுகிற சத்தம், சுர் சுர்ரென்று. நடுநடுவே சின்ன மிஷின் ஒன்று வண்டு மாதிரி ரீங்காரமிடும். பல் டாக்டர் கடையில் கேட்கும் சத்தம் அது. எதையோ துளைக்கிறார்கள்.

கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு பெண் என்னென்னவெல்லாம் நினைப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயிறு பெருத்த பெண்டாட்டி கீழே, கண்ணாடி போட்ட குமரி மேலே. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பெண் விவகாரமாக இருந்தால்கூடப் பிழைத்துப் போகட்டும், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றே நினைத்தேன். துளைக்கிற சத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கை கிடைத்தது.

துணி துவைப்பது அவர், மடிப்பது நான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சட்டைகளை மடித்தபோது ஒரு பையின் மூலையில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு எடுத்தேன். வெள்ளரி விதை நீளத்துக்கு ஒரு மனிதக் கை. சாம்பல் நிறம். முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, ஐந்து விரல், விரலில் நகம்கூட இருந்தது. தோள் பக்கம் துளையிட்டு ஊசி மாதிரி ஒரு பித்தளைக் கம்பியைச் செருகியிருந்தார்கள். சந்திரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தொடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏமோ தேவா, பொம்மை செஞ்சி, கை காலைக் கயட்டி, கம்பி குத்தி வெச்சா அது இன்னாத்துக்குன்னு நான் என் வாயால சொல்ல மாட்டேன். அதும் வூட்டுக்காரர் பாக்கெட்டுல! மாசமா இருக்கறவ நீ" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னால் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

இருவரும் கொல்லைக்குப் போனோம். கரியை மூட்டி, கல்லுப்பும் ஏழு மிளகாயும் அந்தக் கையையும் சேர்த்து என் வயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நானே நெருப்பில் போட்டேன். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணேறு இருக்கிறது என்பார்கள். நெடி வந்தது, கூடவே கரும்புகையும் தாங்க முடியாத நாற்றமும் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு உருகின. எது வந்தாலும் எனக்கு அது சாட்சிதான். பார்த்தாயா, எப்படி நாறுகிறது என்று சந்திரம்மாவிடம் சொன்னேன். அவர் வந்து "இன்னா வாசனை?" என்று கேட்டதற்குக் குப்பை கொளுத்தினோம் என்றேன். அவர் கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாலு நாள் மாடியில் வேறு சத்தம் கேட்டது. கட்டிலை நகர்த்தினார்கள். தரையெல்லாம் பெருக்கினார்கள். யாரோ முழங்காலிட்டு ஊர்ந்து ஊர்ந்து தேடுவது எனக்கு நன்றாகக் கேட்டது. பொருள் காணாமல் போனதும் கலவரமா என்று நான் வயிற்றைத் தடவியபடி சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

புதன்கிழமை காலை கலைவாணி படியிறங்கிப் போனாள். ஐந்து நிமிஷம் கழித்து இவர், ரேஷன் கடையில் ரேகை வைக்கணும் என்று கிளம்பினார். ஒருத்தர் பின்னால் ஒருத்தர். நான் எழுந்தேன். மாடிக்கு இன்னொரு சாவி சாமி மாடத்தில் இருக்கிறது. படி பதினெட்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று, அடிவயிற்றை ஒரு கையால் தாங்கி, மூச்சு விட்டு, அடுத்த படியில் ஏறினேன். பன்னிரண்டாவது படியில் உள்ளே தையல் சுருக்கென்று இழுத்தது. திரும்பியிருக்கலாம். துளைக்கிறவர்கள் மேலே இருக்க, கீழே படுத்து மட்டும் இந்தப் பிள்ளையை நான் எப்படிக் காப்பாற்றுவது என்று ஏறிவிட்டேன்.

உள்ளே கட்டில் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. ஜன்னலடியில் நீள மேசை. அதன்மேல் மருந்து பாட்டில் மூடிகள் ஐந்து ஐந்தாக எட்டு வரிசை, ஒவ்வொரு மூடியின் மேலும் ஒட்டிவைத்த ஒரு மனிதன். கட்டைவிரல் உயரம். சிலருக்குத் தலை இல்லை, கழுத்தில் கம்பி மட்டும் நின்றது. பக்கத்தில் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் தலைகள், மிளகுக் கிண்ணத்தில் வாள்கள், சீரகக் கிண்ணத்தில் கால்கள். சோப்புத் தண்ணீர்ச் சட்டியில் உடம்புகள் ஊறின, மேலே ஒரு பழைய டூத் பிரஷ். இன்னும் வெட்டாத கைகால்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்தவரங்காய் மாதிரி தொங்கின. பேனா பருமனில் ஒரு துளை மிஷின். அறை முழுக்க அந்த நெடி.

ஒவ்வொரு மூடியின் அடியிலும் ஒரு துண்டுக் காகிதம். எண், பக்கத்தில் சிவப்பு மை, வால் மேலே நீண்டு வளைந்த டிக். கூழ் டப்பாக்களைச் சரிபார்த்துவிட்டு இவர் போடும் அதே டிக். எங்கள் வீட்டு மளிகைச் சீட்டிலும் காலண்டரிலும் அதே டிக்தான். இரும்பு நாற்காலியில் இவருடைய துண்டு மடித்துக் கிடந்தது. நான் அதன்மேலேயே உட்கார்ந்தேன். சூனியமும் இல்லை, குமரியும் இல்லை. என் புருஷன் கற்பூரத்தில் சத்தியம் செய்த கையாலேயே, நான் படுத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து, நாள் முழுக்க மனிதர்களை வெட்டித் துளைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கலைவாணி பால் பாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

"அக்கா! நீங்க இன்னாத்துக்கு படி ஏறினீங்க? தையல் போட்டு கீதுல்ல!"

"தையல் போட்டது உனுக்கு யாரு சொன்னது?"

அவள் பாக்கெட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். "அண்ணன்."

"இதெல்லாம் இன்னா?"

அவள் மறைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் மேசைமேல் படை நிறுத்தி யுத்தம் ஆடுகிறார்களாம், சின்னப் பிள்ளைகள் இல்லை, நரைத்த ஆட்கள். வாங்கிய படையைச் சேர்த்து ஒட்டவும் வண்ணம் தீட்டவும் அவர்களுக்கு நேரம் இல்லையாம். இங்கிலாந்தில் இருந்து திரும்பி வந்த ஒருத்தர் திருப்பதியில் அதற்கென்று கம்பெனி வைத்திருக்கிறார். வண்ணம் அங்கே. அதற்கு முன்னால் உள்ள வேலை எல்லாம் இங்கே. சட்டத்தில் இருந்து வெட்ட வேண்டும், அச்சு இணைந்த கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும், கனமான கைக்குத் துளையிட்டுக் கம்பி வைத்து ஒட்ட வேண்டும், இடைவெளியைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். "நம்ம விட்ட ஒரு கோடு, பெயின்ட் அடிச்சப்புறம் தழும்பு மாதிரி தெரியும்கா. அண்ணனை மாங்கூழ் கம்பெனில வேலையை வுட்டு நிறுத்திட்டாங்க, செப்டம்பர்லயே. உங்களுக்கு சொன்னா படபடப்பு வரும்னு…"

"எம் புருசன் எத்தினி பேரை வெட்னான், எத்தினி பேரைக் குத்தினான், அதை மட்டும் சொல்லு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "அண்ணன் வெட்ட மாட்டாருக்கா. மிஷினைத் தொடவே மாட்டாரு. மொத நாளே சொல்லிட்டாரு, கொயந்த பொறக்கற வரைக்கும் வெட்டறது, தொளைக்கறது எதுவும் என் கையில கொடுக்காதேன்னு. கழுவுவாரு, சுரண்டுவாரு, ஒட்டுவாரு. அவ்ளோதான். எனக்கும்தான் வேலை ரெண்டு மடங்கு ஆவுது, இன்னா பண்ணச் சொல்றீங்க?"

நம்புவேனா நான்? இதற்குள் பேசி வைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் காதே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. சனிக்கிழமைதோறும் இவள் திருப்பதி பஸ் ஏறிவிடுவாள். அந்த நாட்களில் மேலே இரும்பு நாற்காலி இழுபட்டிருக்கிறது. சுர் சுர்ரென்று சுரண்டும் சத்தம் மதியம்வரை கேட்டிருக்கிறது. வண்டு மட்டும் ஒரு சனிக்கிழமைகூட ரீங்காரமிட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவருக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்த மனுஷன்! எனக்குத் தெரியாமல், நான் பார்க்காத இடத்தில், என் முறையைக் கடைப்பிடித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதோடு, ஏன் சொல்லவில்லை என்று ஆத்திரமும் வந்தது.

"இப்ப ஒண்ணுதான் பிரச்சினை" என்று கலைவாணி கடைசி வரிசையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒருவன் நின்றான். குனிந்து எதையோ தூக்குகிற பாவனை. வலது கை இருந்தது. இடது தோளில் வெறும் துளை. "ஒரு கை காணோம்கா. போன வாரத்துல இருந்து தேடிக்கினு இருக்கோம். இதுக்கு மாத்துக் கை கெடையாது. நாப்பதுல ஒண்ணு போனா போவட்டும், கம்பெனிக்கு சொல்லிக்கலாம்னேன். அண்ணன் கேக்கல. ஏழாம் மாசத்துல ஒரு உருவத்தை கை இல்லாம விட்டுட்டு நான் எப்படி எறங்கிப் போயி தேவா மூஞ்சியப் பாப்பேன்னு சொல்றாரு. நேத்து முழுக்க தரையில ஊர்ந்துக்கினு இருந்தாரு."

உருகிச் சுருண்ட ஐந்து விரல்களும் கண்முன் வந்து போயின. என்னுடைய முறைப்படி பார்த்தால், இந்த ஏழு மாதத்தில் இந்த வீட்டில் ஒரு உடம்பைப் பின்னப்படுத்தியவள் நான்தான். வயிற்றைச் சுற்றிச் சுற்றிப் போட்டேன். பிள்ளை உள்ளே புரண்டது. அது உதையா, வலியா என்று பிரித்தறிய எனக்குத் தைரியம் இல்லை.

"அந்தக் களிமண்ணுல ஒரு கை பண்ண முடியாதா?" என்றேன்.

அவள் யோசித்தாள். முடியும் என்றாள். துளை முன்னாலேயே இருக்கிறது, கம்பி மட்டும் நறுக்கிக் கொடுத்தால் போதும். அது நிஜக் களிமண் இல்லை, மஞ்சளும் நீலமுமாக இரண்டு ரசாயனப் பட்டை, பச்சையாகிறவரை பிசைய வேண்டும், பிசைந்தால் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். கம்பியை அவள் நறுக்கினாள், நான் பிசைந்தேன். அரிசி மாவு உருட்டிப் பழகிய விரலுக்கு அது சிரமமாக இல்லை. மேல்கை வந்தது, முழங்கை மடிப்பு வந்தது, மணிக்கட்டு ஒடுங்கியது. நுனியில் உள்ளங்கை தட்டையாக, துடுப்பு மாதிரி நின்றது. "விரலுக்கு பிளேடால பிரிக்கணும்கா. அஞ்சு விரலுக்கு நாலு வெட்டு. நான் பண்றேன், நீங்க படுங்க. பால் காய்ச்சிட்டு வந்துடறேன்" என்று சமையல் தடுப்புக்குள் போனாள்.

நான் படுக்கவில்லை. எரித்தது என் கை. அவளிடம் அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வெட்டினால் ஒரு பாவம், வெட்டாமல் விட்டால் விரல் இல்லாத கை. எது சின்னது என்று யாரிடம் கேட்பது? பிளேடை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வெட்டு. கட்டைவிரல் பிரிந்தது. இரண்டாவது. மூன்றாவது.

படியில் காலடி கேட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறும் காலடி. இத்தனை நாளாக இதை எப்படிக் கேட்காமல் விட்டேன்? வாசல் இருண்டது. இவர் ஒரு கையில் ரேஷன் பை, ஒரு கையில் செருப்போடு நின்றார். படியேறினாயா என்று கேட்பார், கத்துவார், ஓடிவந்து தாங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. பிளேடு பிடித்த என் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் அவர் கையைப் பார்த்த அதே பார்வை.

"தேவா," என்றார் மெதுவாக. "வெள்ளிக்கெயமை கொல்லைல இன்னா எரிச்ச?"

தடுப்புக்குள் பால் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. கலைவாணி அதை அணைக்கவில்லை. நான் பிளேடைக் கீழே வைத்தேன். நான்காவது வெட்டு பாக்கி இருந்தது. கடைசி இரண்டு விரலும் பிரியாமல், அந்தப் பச்சைக் கை என் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது.